“பத்து மாதமாக வீட்டில் இருக்கிறேன், நான் சோம்பேறியா மேடம்?”

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். பி.இ. எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்த்தேன். சம்பளம் 18,000. கம்பெனி ரோலில் இல்லை, ஏஜென்சி மூலமாகத்தான். புராஜெக்ட் முடிந்துவிட்டது என்று எங்கள் டீம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டார்கள். தங்கியிருந்த பி.ஜி. விடுதியைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். தம்பி காலேஜ் படிக்கிறான்.

வந்ததும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தேன். போன தேர்வில் 138 கேள்விதான் சரி. தமிழில் 76, பொது அறிவில் 49, கணக்கில் 13. கிடைக்காது என்று ஆன்சர் கீ வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது.

காலையில் பத்து மணிக்குப் புத்தகத்தை எடுப்பேன். சிலிண்டர்காரர் வருவார். அம்மாவுக்கு மூட்டு வலி, மாடியில் காயப்போட்ட வத்தலை நான்தான் எடுக்க வேண்டும். ரேஷனுக்கு நான்தான் போக வேண்டும், “நீ வீட்லதானே இருக்க” என்பார்கள். நன்றாகப் படித்த நாள் என்றாலே இரண்டரை மணி நேரம்தான். மத்தியானம் போனை எடுத்தால் கூடப் படித்தவர்கள் லிங்க்ட்இன்னில் புது வேலை, ஆன்சைட் என்று போட்டிருப்பார்கள். நாலு மணிக்கு மாடியில் போய் நின்று ரோட்டில் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் இருக்கிற எல்லோருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றும். ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் சத்தம் கேட்டால் சென்னைக்கே போய்விடலாமா என்று நினைப்பேன். காலையில் அந்த எண்ணம் இருக்காது.

இப்போது ஓசூரில் எலக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை வந்திருக்கிறது. 17,000, ஹாஸ்டல் உண்டு, ஷிஃப்ட். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா வேண்டாம் என்கிறார். அத்தை ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். அப்பா எதுவுமே சொல்வதில்லை, அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. பி.எஃப். பணத்தை எடுத்து மதுரையில் கோச்சிங் சேரலாமா என்றும் ஒரு யோசனை. ஒரு நாளைக்கு ஒன்று தோன்றுகிறது. நான் சோம்பேறியா மேடம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இல்லை. வீட்டு வேலையின் பாதியைச் சுமந்துகொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், முதல் முறையிலேயே 138 கேள்விக்குச் சரியாக விடை எழுதியிருக்கிறீர்கள். சோம்பேறிகள் செய்கிற காரியமா இது? அந்தச் சொல்லை நீங்களே உங்கள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள், முதலில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான்கு பெரிய கேள்விகள் இருக்கின்றன: குரூப் 4, ஓசூர், மதுரை கோச்சிங், கல்யாணம். இந்த நான்கையும் நீங்கள் தினமும் முதலிலிருந்து கேட்டுக்கொள்கிறீர்கள். அதுவும் நாள் ஒரு பிடிக்கும் நிற்காமல் நழுவிப் போய்விட்ட மத்தியான வேளையில். அந்த நேரத்தில் எந்த முடிவும் சரியாகப் படாது. அதனால் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் பகல் பொழுதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு பஞ்சாலையை நம்பி இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அந்த ஆலையை மூடிவிட்டார்கள். 1931-இல் மரி யஹோடா என்ற இளம் உளவியலாளரும் அவருடைய தோழர்களும் அங்கே போய், வேலை இழந்த குடும்பங்களோடு பழகி, அவர்களுடைய நாட்கள் எப்படிப் போகின்றன என்று குறித்துக்கொண்டார்கள். வேலை போனதும் பகல் முழுக்க ஓய்வு கிடைத்துவிட்டது, இனி நிறையப் படிப்பார்கள், ஊர்க் காரியங்களில் இறங்குவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது நேர்மாறாக. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. தெருவில் ஆண்கள் நடக்கிற வேகமே குறைந்தது, நடுநடுவே நின்று நின்று போனார்கள். நேற்றைய பகலை மணிவாரியாக எழுதித் தாருங்கள் என்று கேட்டால், எழுந்தது, மத்தியானம் சாப்பிட்டது, படுத்தது, அவ்வளவுதான் எழுத முடிந்தது. இடையில் இருந்த மணி நேரங்கள் எங்கே போயின என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதற்கு முன்னால் பல வருடம் ஆலையில் உழைத்த மனிதர்கள் அவர்கள், சோம்பேறிகள் அல்லர்.

யஹோடா பிறகு இதைப் பற்றி நிறைய எழுதினார். வேலை நமக்குச் சம்பளத்தை மட்டும் தருவதில்லை என்பது அவர் கருத்து. இன்ன நேரத்துக்கு இன்ன இடம் என்று நாளைப் பகுத்துத் தருகிறது. வீட்டைத் தாண்டி நாலு பேரோடு பேச வைக்கிறது. பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் நமக்கும் ஒரு பங்கைத் தருகிறது. “என்ன பண்றே?” என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தருகிறது. உடம்பையும் மூளையையும் ஓயவிடாமல் வைக்கிறது. சென்னையில் உங்களுக்கு இந்த ஐந்தும் இருந்தன. ஏஜென்சி வேலைதான், 18,000 தான், ஆனாலும் இருந்தன. ஒரே நாளில் எல்லாம் போய்விட்டன. நீங்களோ போனது சம்பளம் ஒன்றுதான் என்று கணக்கு வைத்துக்கொண்டு, பிறகு ஏன் இவ்வளவு சோர்வாக இருக்கிறது என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்கள்.

அந்த ஊரில் அவர்கள் கவனித்த இன்னொன்று உங்களுக்கு மிகவும் பொருந்தும். பெண்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள். ஆலை வேலை போனாலும் சமையல், துணி, பிள்ளைகள் என்று அவர்களுடைய பகல் நிரம்பியே இருந்தது. உங்கள் பகலும் நிரம்பித்தான் இருக்கிறது, சிலிண்டர், வத்தல், ரேஷன் என்று. ஆனால் அதில் எந்த மணியும் உங்களுடையது இல்லை. வீட்டில் இருக்கிற பெண்ணின் நேரத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். உங்கள் இடத்தில் தம்பி பத்து மாதம் வீட்டில் இருந்து படித்திருந்தால் வத்தலை எடுக்க அவனைக் கூப்பிட்டிருப்பார்களா? அம்மா மேல் குற்றமில்லை, மூட்டு வலிக்காரர், அவருக்கும் ஆள் வேண்டும். ஆனால் இது இப்படியே போனால் நீங்கள் படிக்கவும் முடியாது, ஓய்வெடுக்கவும் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? காலையில் வீட்டை விட்டு வெளியே போங்கள். தினமும், ஒரே நேரத்துக்கு. என்னிடம் வரும் பிள்ளைகளில் வீட்டிலிருந்தே படிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

எங்கே போவது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேருங்கள் என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். கோவில்பட்டி அளவுள்ள எந்த ஊரிலும் ஒன்றிரண்டாவது இருக்கும். குரூப் 4-இல் தட்டச்சர் பணியிடங்கள் உண்டு, இளநிலை உதவியாளருக்கு இருக்கிற அதே ஊதிய நிலை, 19,500 ரூபாயில் தொடங்குவது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தட்டச்சுத் தேர்வில் சீனியர், அல்லது ஒன்றில் சீனியர் ஒன்றில் ஜூனியர் முடித்தவர்கள்தான் அதற்குப் போட்டியிட முடியும். அதனால் கூட்டம் குறைவு, கட்-ஆஃபும் வழக்கமாகக் குறைவாகவே நிற்கும். இது தேர்வுக்கான காரணம்.

எனக்கு இன்னொரு காரணமும் முக்கியம். அங்கே உங்களுக்கு என்று ஒரு மணி நேரம், ஒரு மெஷின். பக்கத்து மெஷினில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை, அந்தப் பக்கம் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த பெண். முதல் வாரம் முழுக்க ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் மட்டும்தான், ஒரு தாள் நிறைய. சுண்டுவிரல் ஏ-யை அழுத்தமாக அடிக்காது, எழுத்து வெளிறி விழும். மாஸ்டர் தாளை உருவிப் பார்த்து “இன்னொரு தடவை” என்பார். இரண்டாவது வாரம் ஏ கறுப்பாக விழும். பத்து மாதமாக, செய்த ஒன்று முந்தைய நாளைவிட நன்றாக வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிற வாய்ப்பே உங்களுக்கு இல்லை. படிப்பில் அது தெரியாது, ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நான்காவது முறை படிக்கும்போது முன்னேறியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? தாளில் தெரியும்.

அங்கிருந்து நேராகக் கிளை நூலகம். இரண்டு மணி நேரம். போன் பையிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: “அம்மா, காலையில ஏழரையிலிருந்து பதினொன்று வரைக்கும் நான் இல்லை. சிலிண்டர் வந்தா பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைக்கட்டும். பதினொன்றுக்கு அப்புறம் நீ என்ன சொன்னாலும் செய்றேன்.” இதைக் கேட்டு அம்மா முகம் சுளிக்கலாம். ஒரு வாரம் தாங்குங்கள். சென்னையில் நீங்கள் இருந்தபோது சிலிண்டர் வந்துகொண்டுதானே இருந்தது?

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் என்று இலவசப் பயிற்சி நடக்கிறது. உங்களுக்குத் தூத்துக்குடி தினமும் போய்வர முடியாத தூரம். ஆனால் மாதிரித் தேர்வு வைக்கிற நாட்களில் மட்டும் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரம் மற்றவர்களோடு உட்கார்ந்து 200 கேள்வியை முடிப்பது வீட்டில் வராத பயிற்சி.

இனி அந்த நாலு மணி.

மாடியில் நிற்பது தப்பில்லை, எனக்குக் கவலை தருவது அங்கே நடக்கிற விசாரணைதான். தினமும் உங்களையே கூண்டில் ஏற்றி, ஓசூரா, சென்னையா, கல்யாணமா என்று கேட்டு, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் கீழே இறங்கி வருகிறீர்கள். தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார். ஓயாமல் கவலைப்படுகிறவர்களிடம் “கவலைப்படாதே” என்று சொல்வதற்குப் பதிலாக, அதற்கு ஒரு நேரமும் ஓர் இடமும் ஒதுக்கச் சொன்னார். தினம் அரை மணி, ஒரே இடம், அங்கே முழு மூச்சாகக் கவலைப்படலாம். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் “சாயங்காலம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிவைக்க வேண்டும். நாங்கள் ஆலோசனையில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறோம். உங்களுக்கு நேரமும் இடமும் தானாகவே அமைந்திருக்கின்றன. மாடிக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தோன்றுவதை எழுதுங்கள். நாலரைக்கு மூடிவிட்டுக் கீழே வந்துவிடுங்கள். காலையில் நூலகத்தில் ஓசூர் நினைப்பு வந்தால் ஓரத்தில் ஒரு வரி குறித்துவிட்டுப் படிப்பைத் தொடருங்கள். முதல் சில நாள் சரியாக வராது, அப்புறம் பழகும்.

லிங்க்ட்இன்னைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. வேலை கிடைத்தவர்கள்தான் அங்கே எழுதுகிறார்கள். உங்களோடு அனுப்பப்பட்ட டீம்காரர்களில் எத்தனை பேர் இன்னும் வேலை தேடுகிறார்கள் என்பது அங்கே தெரியாது. ஆனால் அந்த ஆப்பை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய டீம் லீடுக்கு ஒரு செய்தி, பி.ஜி.யில் கூட இருந்த இரண்டு பேருக்கு ஒரு செய்தி: “வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.” நெருங்கிய உறவுகளுக்குத் தெரிந்த வேலைகள் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்தவைதான். அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் புதுச் சேதி வரும். வேலை போன பிறகு வெட்கப்பட்டு எல்லோரிடமிருந்தும் ஒதுங்கிவிடுவது நம் பிள்ளைகளில் நிறையப் பேர் செய்வது. அதில் இழப்பு அவர்களுக்குத்தான்.

இப்போது ஓசூர். உங்களுக்கு என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இரண்டு நிபந்தனைகள் சரியாக இருந்தால் போங்கள்.

“வேலைக்குப் போனால் படிப்பு போய்விடும்” என்பதுதானே பயம்? உங்கள் கடிதத்திலேயே கணக்கு இருக்கிறது. முழு நேரம் வீட்டில் இருந்து, நல்ல நாளில் நீங்கள் படிப்பது இரண்டரை மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்த பிறகும் இரண்டு மணி நேரம் கிடைக்கும், வார விடுமுறையில் ஐந்து ஆறு மணி நேரம் கிடைக்கும். ஹாஸ்டலில் வத்தல் எடுக்கக் கூப்பிட யாரும் இல்லை. ஆக, வீட்டில் இருப்பதால் படிப்பு கூடிவிடவில்லை, சம்பளம்தான் போய்க்கொண்டிருக்கிறது. தவிர, வேலை தருகிறது என்று மேலே சொன்ன ஐந்தும் ஓசூரில் மறுபடி கிடைக்கும். தேர்வை விட்டுவிட்டுப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு வயது வரம்பு இன்னும் பல வருடம் தள்ளி இருக்கிறது.

முதல் நிபந்தனை, யாருடைய ரோல்? போன முறை ஏஜென்சி மூலம் இருந்ததால்தான் புராஜெக்ட் முடிந்ததும் கம்பெனிக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் இல்லாமல் போயிற்று. ஆஃபர் கடிதத்தில் வேலை தருபவர் என்று எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நேர்காணல் நடத்திய கம்பெனியின் பெயரா, வேறு ஏதாவது மேன்பவர் ஏஜென்சியின் பெயரா? காண்டிராக்ட் என்றால் எத்தனை மாதத்துக்கு, முடிந்தால் புதுப்பிப்பார்களா, நிரந்தரம் ஆக்கிய வழக்கம் உண்டா என்று கேளுங்கள். சூப்பர்வைசர் என்று அழைத்துவிட்டு ஆபரேட்டராக நிறுத்துவதும் நடக்கிறது. பதவியின் பெயர் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

17,000 என்பது கையில் வருவதா, பிடித்தத்துக்கு முன்னாலா என்றும் கேளுங்கள். 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 17,000-க்கு மாதம் 128 ரூபாய்க்குள். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை பெற வழி உண்டு, ஆனால் அதற்கு வருமான வரம்பு இருக்கிறது. அப்பா வேலையில் இருக்கிறார் என்பதால் அம்மாவின் மூட்டு வலிக்கு அது பொருந்துமா என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பி.எஃப்.-க்கு உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், புதிதாக ஒன்று தொடங்க விடாதீர்கள்.

இரண்டாவது நிபந்தனை, இடத்தை நேரில் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறுமா, இரவு ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குக் கம்பெனி வண்டியா, ஓர் அறைக்கு எத்தனை பேர், வாரம் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கும் இரண்டு பேர் ஒரே அறையில் என்றால் தூக்கம் என்னவாகும்? இதெல்லாம் போனில் கேட்டுத் தெரிகிற விஷயங்கள் இல்லை. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கிற பெண்களிடம் பேசுங்கள், அவர்கள் சொல்வார்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பயணத்தை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு, கீழே வருகிறேன்.

இரண்டில் ஒன்று சரியில்லை என்றால் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். அப்போது டைப்ரைட்டிங், நூலகம், சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன். கையில் உங்கள் காசு கொஞ்சமாவது புரள வேண்டும். ஓசூர் போனால் டைப்பிங் ஒரு வருடம் தள்ளிப் போகட்டும், பரவாயில்லை.

தேர்வைப் பற்றி. 2025 குரூப் 4 அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள், பின்னால் கொஞ்சம் கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 13.89 லட்சம் பேர். அறிவித்த ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர். பயமுறுத்தச் சொல்லவில்லை, அதில் தயாராகாமல் வருகிறவர்கள் நிறைய. ஆனால் இந்த ஒரு தேர்வை மட்டும் நம்பி வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைப்பது யாருக்கும் சரிவராது என்பதற்குச் சொல்கிறேன். கிடைக்காதவர்கள் எல்லோரும் தகுதி இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள், இடம் அவ்வளவுதான்.

உங்கள் மதிப்பெண்ணைப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது பளிச்சென்று தெரிகிறது. பொது அறிவில் 75-க்கு 49 பரவாயில்லை, அதை ஏற்றுவது கடினமும்கூட. கணக்கில் 25-க்கு 13 என்பது உங்கள் படிப்புக்குக் குறைவு. விழுக்காடு, விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., வட்டி, பரப்பு, கன அளவு, நேரமும் வேலையும், எல்லாம் பத்தாம் வகுப்புக்குள்தான். தெரியும் என்ற தைரியத்தில் கையால் போட்டுப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள். தினம் பத்துக் கணக்கு. தமிழில் 100-க்கு 76. வெற்றி பெறுகிறவர்கள் பெரும்பாலும் தமிழில்தான் முன்னே போகிறார்கள். உங்களுக்கு வேண்டிய மதிப்பெண் இந்த இரண்டு பகுதிகளிலும் இருக்கிறது. இரண்டுக்கும் பள்ளிப் பாடப் புத்தகம் போதும்.

அதனால்தான் மதுரை கோச்சிங்குக்காக பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம் என்கிறேன். உங்களுக்குக் குறைவது பாடம் இல்லை, நேரமும் மாதிரித் தேர்வும்தான். பி.எஃப்.-ஐ அப்படியே வைத்திருந்தால் உங்கள் சென்னைச் சர்வீஸ் தொடர்ந்து கணக்கில் இருக்கும், ஓய்வூதியத் தகுதிக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தவிர அந்தப் பணம்தான் இன்றைக்கு உங்கள் பெயரில் இருக்கிற ஒரே சேமிப்பு என்று நினைக்கிறேன்.

அப்பாவின் மௌனம்தான் உங்களை அதிகம் வதைக்கிறது. அந்த மௌனத்துக்கு நீங்கள் கொடுத்திருக்கிற அர்த்தம், “அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டது” என்பது. அவரைத் தெரியாமல் நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் என்னிடம் பிள்ளைகளோடு வந்து உட்காரும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். என்ன சொன்னாலும் மகள் மனம் நோகும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. நாள் முழுக்க அடுத்தவர் கணக்கை எழுதுகிற மனிதர், மகளுடைய செலவைத் தன்னால் தாங்க முடியவில்லையே என்றுகூட உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கலாம். கேட்டால்தான் தெரியும். வீட்டில், அம்மாவும் அத்தையும் இருக்கும்போது கேட்காதீர்கள். ஓசூர் போகிற வழியில் கேளுங்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகும்போது, நேருக்கு நேர் பேச முடியாதவை வரும். “அப்பா, நான் வேலையில்லாம இருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?” இந்த ஒரு கேள்வி போதும். அவர் உடனே பதில் சொல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள், திரும்பி வரும்போது சொல்வார்.

கல்யாணத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரி. பிடித்திருக்கிறதா, வேண்டாமா என்று நீங்களே எழுதவில்லை. மற்ற கேள்விகளிலிருந்து தப்பிக்கிற வழியாக அது தோன்றுகிற நாட்கள் இருக்கின்றனவா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்த நாட்களில் சம்மதம் சொல்லக் கூடாது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நல்ல இடமாகவும் இருக்கலாம். ஆனால் சொந்தச் சம்பளம் இல்லாமல், மனம் தளர்ந்திருக்கும்போது மாப்பிள்ளை வீட்டாரோடு பேச உட்காரும் பெண், தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்க மாட்டாள். வேலைக்குப் போவதைப் பற்றியோ, தேர்வு எழுதுவதைப் பற்றியோ “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று அவர்கள் சொன்னால் தலையாட்டிவிடுவாள். அத்தையிடம் வேண்டாம் என்று முறுக்கிக்கொள்ளாமல் தேதி சொல்லுங்கள்: “அத்தை, அடுத்த குரூப் 4 எழுதி முடிச்சதும் நானே வந்து பேசுறேன், அது வரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க.” டி.என்.பி.எஸ்.சி. வருடாந்திரத் திட்ட அட்டவணையில் தேர்வுத் தேதி இருக்கும், அதைக் காட்டியே பேசலாம். தேதி இருந்தால் பெரியவர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். “இப்ப வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரமே திரும்பக் கேட்பார்கள்.

மற்ற மூன்றுக்கும் இதேபோல நோட்டில் தேதி போட்டுக்கொள்ளுங்கள். ஓசூருக்குப் பதில், போய்ப் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள். கோச்சிங், இப்போதைக்கு இல்லை, மூன்று மாதிரித் தேர்வு எழுதிய பிறகு தமிழ் மதிப்பெண் ஏறாவிட்டால் மறுபடி யோசிக்கலாம். குரூப் 4-ஐ இன்னும் எத்தனை முறை எழுதுவது என்பதை அடுத்த தேர்வு முடிவு வந்த வாரத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். இடைப்பட்ட நாட்களில் யார் கேட்டாலும், உங்கள் மனமே கேட்டாலும், “அதற்குத் தேதி இருக்கிறது” என்பதுதான் பதில்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை, நான் கேட்டாக வேண்டும். தூக்கம் எப்படி இருக்கிறது? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா? இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், இருந்து என்ன பயன் என்று ஒரு முறை தோன்றியிருந்தாலும், நான் மேலே சொன்ன டைப்ரைட்டிங்கும் நூலகமும் அப்புறம். முதலில் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்த நாள் வருகிறார் என்று கேட்டுப் போய்ப் பார்க்கவும் தயங்காதீர்கள். வேலை இல்லாத காலத்தில் மனம் நோயுறுவது சாதாரணமாக நடப்பது, மருந்துக்கும் பேச்சுக்கும் நன்றாகக் குணமாவது.

மாதக் கடைசிக்குள் பதில் என்கிறார்கள். இந்த வாரமே கம்பெனியின் எச்.ஆருக்கு மெயில் போட்டு, ஆஃபர் கடிதத்தின் நகலையும் நேரில் வந்து பார்க்க ஒரு நாளையும் கேளுங்கள். நகலைத் தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கிடைத்தால், பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், காண்டிராக்ட் வரிகளைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்